இரும்பா, அலுமினியமா?



சென்ற மாதம் எங்கள் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. வாதி என் மனைவி; பிரதிவாதி என் அன்னையார். வழக்குக்குரிய பொருள், முப்பது ஆண்டுகளுக்கு முன் அன்னையார் திருநெல்வேலியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு இரயிலில் கொண்டுவந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல். அதன் எடை நான்கு கிலோ. ஏற்றி இறக்கியே என் மனைவிக்கு மணிக்கட்டில் வலி கண்டுவிட்டது. "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அலுமினியக் கல் வாங்கலாம்" என்றாள். அன்னையார் மறுமொழி கூறவில்லை. அன்று மாலையே கல்லைத் தம் கட்டிலின் கீழ் வைத்துக்கொண்டார். தீர்ப்புக் கூறும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இரு உலோகங்களின் குணங்களையும் ஆராய்ந்தேன். ஒரே அளவான கல்லை அலுமினியக் கலவையில் செய்தால் எடை ஒன்றரைக் கிலோதான். வெப்பத்தை அது ஏறக்குறைய மும்மடங்கு விரைவாகக் கடத்தும். ஆதலின் அடுப்பில் வைத்ததும் சுடும். மாவை ஊற்றியதும் சூடு தணியும். வார்ப்பிரும்போ மெல்லச் சூடேறும். ஏறிய சூட்டை எளிதில் விடாது. தோசை முறுகுவதன் இரகசியம் இதுவே.

வார்ப்பிரும்புக்குக் குறைகளும் உண்டு. அதில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கரி கலந்துள்ளது. அக்கரி மெல்லிய செதில்களாக உள்ளே படிந்திருப்பதால், பாரத்தைத் தாங்கும் இரும்பு அடியைத் தாங்காது. காய்ந்த கல்லில் குளிர்ந்த நீரை ஊற்றினால் பிளந்துவிடக்கூடும். ஈரம் பட்டால் துருவும் ஏறும்.

அலுமினியத்தை நம்மவருள் சிலர் ஈயம் என்று வழங்குவர். அது பிழை, ஈயம் முற்றிலும் வேறு உலோகம். அலுமினியம் துருப்பிடியாது, ஆனால் புளியும் உப்பும் அதை அரிக்கும். ஆகவே புளிக்குழம்பையும் மோரையும் அலுமினியப் பாத்திரத்தில் வைத்திருத்தல் ஆகாது.

இவ்வுலோகம் நம் ஊருக்குப் புதியதன்று. ஆலுவாயை அடுத்த அலுபுரத்தில் 1943ஆம் ஆண்டிலேயே அலுமினிய ஆலை இயங்கத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் நம் காயலில் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுகளின் உடலும் அலுமினியக் கலவையே. படகின் எடை குறைந்தால் மின்கலத்தின் சக்தி மிச்சமாகும். படகுகளுக்கெனத் தேர்ந்த கலவைகள் உப்புநீரையும் தாங்கும்.

பல மோட்டார் எஞ்சின்களில் இரண்டும் கூடியே உழைக்கின்றன. விரைந்து மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் அலுமினியக் கலவை. அது உராயும் உருளையின் உட்சுவர் வார்ப்பிரும்பு. அசைவதற்கு இலேசானது, நிலைத்து நிற்பதற்குக் கனமானது என்பதே விதி.

அவ்விதியையே தீர்ப்பாகக் கூறினேன். தண்ணீர் சுமக்கும் குடமும், சோறு வடிக்கும் பானையும் நாள்தோறும் தூக்கப்படுபவை, அவை அலுமினியமாகட்டும். தோசைக்கல் அடுப்பிலேயே இருக்கட்டும். ஆறியபின் துணியால் துடைத்து, நல்லெண்ணெய் தடவினால் போதும். என்றேனும் இறக்க நேர்ந்தால் அவ்வேலை என்னுடையது.

மறுநாள் காலை, கல்லைக் கட்டிலின் கீழிருந்து அன்னையாரே எடுத்துத் தந்தார். முதல் தோசையை மருமகளுக்கே வார்த்துக் கொடுத்தார்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய கல் ஒன்று மூலையில் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை துருவைத் தேய்த்து, எண்ணெயிட்டு, அடுப்பிலேற்றிப் பாருங்கள்.