ஈரல் புழுவுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு

போன ஆடியில், மலாக்கா ஜாசினில் எங்கள் கம்பத்து முனியாண்டி கோயில் பூசை. கிடா வெட்டிக் கூறு போட்டதும் ஈரலை நறுக்கும் வேலை என் கைக்கு வந்தது. பாதி நறுக்கியிருப்பேன், ஓரிடத்தில் கத்தி இறங்கவில்லை. பித்தக்குழாய் சுண்டுவிரல் பருமனுக்குத் தடித்து வெளுத்துக் கிடந்தது. அமுக்கினேன். கலங்கிய பித்தத்தோடு, வாடிய மூங்கில் இலை மாதிரி தட்டையாக ஒரு புழு வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் விழுந்தது. ஓரம் கண்ணாடி போல, நடுவில் பழுப்பு. உயிரோடுதான் இருந்தது, மெல்லச் சுருண்டு நிமிர்ந்தது. மொத்தம் ஏழு எண்ணினேன்.

"தூக்கிப் போட்டுட்டு வாங்கண்ணே, பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு" என்றார்கள். ஈரலைக் குழி தோண்டிப் புதைத்தேன். புழுக்களை மட்டும் கழுவி, காயத்துக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டில் போட்டு மூடினேன்.

ஏன் என்று கேட்டார்கள். இந்தப் புழு எங்கள் வீட்டுக்கு ஒரு கடன் வைத்திருக்கிறது. அசகான் பக்கம் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பசு இருந்தது. என் பள்ளிக்கூடச் செலவு அதன் மடியிலிருந்துதான் வந்தது. நன்றாகத் தின்றுகொண்டே அது மெலிந்தது. தாடைக்கடியில் நீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது; அப்பா விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. கண்ணு பட்டுடுச்சு என்றார்கள். அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். மூன்று மாதத்தில் பசு போய்விட்டது. அது ஈரல் தட்டைப்புழு என்று நான் தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆயிற்று.

புழு வருகிற வழியை ஒவ்வொரு ஆட்டுக்காரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாணியோடும் புழுக்கையோடும் முட்டை கால்வாய் நீரில் விழுகிறது. நம் ஊர்ச் சூட்டில் சுமார் இரண்டு வாரத்தில் அது பொரிந்து, வெளிவரும் இளம்புழு நீர் நத்தைக்குள் புகுகிறது. உள்ளே போனது ஒன்று, வெளியே வருவது நூற்றுக்கணக்கில். அத்தனையும் புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். கெசாங் ஆற்றோரத் தாழ்வு, செம்பனைக்காட்டு வாய்க்கால், பழைய வயல் என்று ஜாசின் வட்டாரத்தில் நத்தைக்கு இடப்பஞ்சம் இல்லை.

இதுவரை சொன்னது பழைய கதை. நான் பேச வந்தது அதற்கு மேல் ஒன்று.

கால்நடைகளின் ஈரலில் வாழும் இந்தப் புழுவில் முக்கியமாக இரண்டு வகை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஃபாசியோலா ஜைகான்டிகா. குளிர் நாடுகளில் ஃபாசியோலா ஹெபாட்டிகா. ஆசியாவில் இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்றும் உண்டு. ஜப்பான், கொரியா, வியட்நாம் நாடுகளில் கண்டார்கள், தாய்லாந்திலும் கண்டார்கள். அதில் விந்து சரியாக உருவாவதில்லை. இணை சேராமலேயே முட்டையிட்டுப் பெருகும். ஒரே ஒரு புழு வந்து சேர்ந்தால் ஒரு வம்சத்தையே ஆரம்பித்துவிடும். பார்வைக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். டிஎன்ஏ பார்த்தால்தான் இன்னது என்று உறுதியாகத் தெரியும். தாய்வழி வரும் மைட்டோகாண்டிரியா டிஎன்ஏவை ஊர் ஊராக ஒப்பிட்டு, இப்புழுக்கள் மாட்டோடும் எருமையோடும் ஆசியாவில் பயணம் போன பாதையை ஆய்வாளர்கள் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் பசுதான் ஞாபகம் வந்தது. மலேசியக் கால்நடை ஏடுகளில் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று ஒரு மாட்டினமே உண்டு. இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த திமில் மாடுகளின் வழி வந்தது அது. பிறகு 1970களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து சாஹிவால் ஃபிரீசியன் கலப்பு மாடுகள் இறங்கின. தாய்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் உயிர்மாடுகள் வருகின்றன. மாட்டுக்குப் பத்திரம் இருக்கிறது, காதில் எண் இருக்கிறது. ஈரலுக்குள் வருவதற்கு யாரும் பெயர் கேட்பதில்லை.

கேட்டாக வேண்டும், ஏனென்றால் மருந்து வேலை செய்வது உள்ளே இருப்பது எந்தப் புழு என்பதைப் பொறுத்தது. நம் ஆட்கள் ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிட்டு, பூச்சியெல்லாம் செத்திருக்கும் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். தட்டைப்புழுவை அந்த மருந்து தொடாது. அல்பெண்டசோல் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். ஈரலைத் துளைத்துக்கொண்டு போகும் குஞ்சுப்புழு தப்பிவிடும். இரண்டையும் கொல்வது 1980களில் வந்த ட்ரைக்ளபெண்டசோல். அதற்கும் அடங்காத புழுக்களைப் பற்றி 1995லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்துவிட்டது. மனிதருக்கு இந்த நோய் வந்தாலும் இதே மருந்துதான். உலகில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீரோரக் கீரையைப் பச்சையாகத் தின்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் ஈரலுக்காக இவ்வளவா என்று ஓர் அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். சாதாரணப் பூச்சிதானே, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். ஈரலின் விலை எனக்கும் தெரியும். பால் வற்றுவதும், குட்டி எடை ஏறாமல் நிற்பதும் எந்தப் பில்லிலும் வராது. பத்து ஆடு வைத்துப் பிழைக்கிற தனித்தாய்க்கு அந்தப் பாலும் எடையும்தான் மாதச் சம்பளம்.

மலாக்கா கால்நடைச் சேவைத் துறையிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. அறுக்கும் இடங்களில் ஒதுக்கும் ஈரல்களிலிருந்து புழுவை எடுத்து எத்தனாலில் போடட்டும். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். எந்த ஊர், எந்தப் பிராணி, எங்கே வாங்கியது என்று எழுதி ஒட்டட்டும். ஈப்போவில் கால்நடை ஆய்வுக் கழகம் இருக்கிறது, செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலம் இருக்கிறது. அங்கே சோதித்து வரும் முடிவை அலமாரியில் வைத்துவிடாமல், எந்த மருந்து, எந்த மாதம் என்று கொட்டகைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழிலும் மலாயிலும்.

என் புட்டி வீட்டுச் சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஜாசின், வெள்ளாடு, ஈரல், ஏழு புழு என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆட்டை விற்றவரிடம் அது எங்கே மேய்ந்தது என்றும் கேட்டு எழுதி வைத்துவிட்டேன். எந்த மேசையில் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார்களோ, அங்கே வருகிறேன்.