கண்டி வாவி யாருடையது?

கண்டி மாநகருக்கு வருவோர் எவராயினும் வாவிக்கரையில் ஒரு முறையேனும் நடவாது திரும்புவதில்லை. தலதா மாளிகையின் முன்றலிலிருந்து புறப்பட்டு, முகில் மதிலை ஒட்டிச் சென்று, மல்வத்தை விகாரையைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே மீண்டு வர ஒரு மணி நேரம் போதும். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான இப்பாதையில் முதியோரும் சிறுவரும் இளைப்பின்றி நடப்பர். சற்று மேலேறின் அரச மாளிகைப் பூங்கா. மாளிகையின் பின்புறத்தே உடவத்தைக் காடு. கால் ஓயுமுன்னே மன்னர் வாழ்ந்த அரண்மனையும் 1815ஆம் ஆண்டு அவர்தம் அரசு கைமாறிய மண்டபமும். நானூறு ஆண்டு வரலாற்றை இவ்வளவு எளிதாக நடந்து பார்க்கத்தக்க நகரங்கள் இந்நாட்டில் மிகச் சிலவே. ஆயின் எளிதான பாதை எளிதான எண்ணங்களையும் எமக்குத் தந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் முறைப்பாடு.

பல்கலைக்கழகம் புகுந்த முதலாண்டில் மூத்த மாணவர் எம்மை இவ்வாவிக்கரைக்கு அழைத்துச் சென்றனர். “கண்டியின் கடைசி மன்னன் தமிழன், இந்த வாவி அவன் வெட்டியது, ஆகவே இது எங்களுடையது” என்று அவர்கள் கூறியபோது எமக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த ஆண்டு அதே வசனத்தை அதே இடத்தில் நின்று புதிய மாணவர்களுக்கு நான் ஒப்புவித்தேன். அவர்களுள் தோட்டப்புறத்திலிருந்து வந்த தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, ராசாவா வெட்டினாரு? மம்பட்டி புடிச்சது யாரு?” அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அவ்வினாவை எமது சங்கத்தின் முன்னும் வாசகர் முன்னும் இங்கு வைக்கிறேன்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். இன்று வாவி இருக்குமிடம் முன்னர் திகொல்வெல எனப்பட்ட வயல்வெளி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் தொடங்கிய இவ்வேலை 1812இல் முடிவுற்றது. தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தை அமைத்த தேவேந்திர மூலாச்சாரியே வாவிக்கும் சிற்பி எனப்படுவார். கரையைச் சூழ எழுந்த முகில் மதில் நிறைவுறுமுன்னரே அரசு வீழ்ந்தது. 1815 மாசியில் மன்னன் சிறைப்பட்டான். பங்குனி 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டது. வேலூருக்கு அனுப்பப்பட்ட அவன் 1832இல் அங்கேயே இறந்தான். இவை நாம் பரீட்சைக்குப் படித்தவை. வயலை வாவியாக்கிய மண்ணைச் சுமந்தவர் யார் என்பது மட்டும் பரீட்சையில் வருவதில்லை. சுமந்தவர் இராசகாரிய முறைக்குக் கட்டுப்பட்ட கண்டிச் சிங்களக் குடியானவர். நிலத்தை அனுபவித்தமைக்கு ஈடாக அரசனுக்குக் கூலியற்ற உழைப்பைக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்த அம்மக்களின் தோளிலேயே இவ்வாவியின் கரை எழுந்தது.

இவ்வுண்மையை மறைக்க இரு கதைகள் துணைபுரிகின்றன. ஒன்று, அந்நியனான கொடுங்கோலன் தன் இன்பத்துக்காக வாவி கட்டினான், மறுத்தவர்களை அதன் அடித்தளத்திலேயே கழுவேற்றினான் என்பது. கழுவேற்றம் பற்றிய ஐதிகத்தின் உண்மை எதுவாயினும், மன்னனின் கொடுமையை ஊதிப் பெருக்கியதால் ஆதாயம் பெற்றவர் நாட்டைக் கைப்பற்றிய ஆங்கிலேயரே என்பதை மறத்தல் ஆகாது. மற்றையது எமது கதை: தமிழ் மன்னன், தமிழ் வாவி. நாயக்கர் மரபினர் தெலுங்கு வழியினர், மதுரைத் தொடர்பினர், தமிழும் பேசினர். 1739இல் கண்டி அரியணை ஏறியபின் அவர்கள் இந்நாட்டுப் பௌத்தத்தின் காவலராகவே ஆண்டனர். 1753இல் சீயத்திலிருந்து துறவிகளை வரவழைத்து உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டியவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அன்றோ? அத்தகையோரை அந்நியர் என்று ஒருவர் தள்ளுவதும் எம்மவர் என்று மற்றொருவர் அள்ளிக்கொள்வதும் ஒரே பிழையின் இரு முகங்களாகும். இரு கதையிலும் மன்னன் இருக்கிறான். மண் சுமந்தவன் இல்லை.

நடைபாதைகளின் பெயர்களும் இப்பிழைக்குச் சான்று பகர்கின்றன. உடவத்தைக் காடு மன்னருக்கே உரிய விலக்கப்பட்ட வனமாக இருந்தது. ஆங்கிலேயர் வந்தபின் அதனூடே அமைந்த பாதைகள் ஆளுநர் மனைவியரின் பெயரைச் சூடின: ஹோர்ட்டன் சீமாட்டியின் நடைபாதை, டொரிங்டன் சீமாட்டியின் பாதை, கோர்டன் சீமாட்டியின் பாதை என்றவாறு. வாவிக்கு மேலுள்ள பூங்காவும் நெடுங்காலம் ஆங்கிலப் பெயரையே தாங்கிற்று. 1814இல் கவிஞர் பைரன் ஒரு பெண்ணின் நடையழகை வியந்து பாடிய புகழ்பெற்ற கவிதைக்குக் காரணமானவர் இதே ஹோர்ட்டன் சீமாட்டியே என்பதை ஆங்கில இலக்கியம் பயில்வோர் அறிவர். ஆக, ஒரு சீமாட்டி நடந்தமைக்குக் கவிதையும் உண்டு, கண்டியிற் பாதையும் உண்டு. அவர் கணவர் ஆளுநராயிருந்த 1831 முதல் 1837 வரையான காலத்திலேதான், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி, இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அந்த விடுதலையைப் பெற்ற குடியானவனுக்கு ஒரு பாதையும் பெயரில்லை.

கதை இங்கே முடியவில்லை. 1823, 1824ஆம் ஆண்டுகளில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். பின்னர் எமது வளாகத்துக்கு எதிரே, மகாவலிக்கு அப்பால், கன்னொறுவையில் ஆளுநர் பார்ன்ஸ் தொடங்கினார். 1830களிலும் 1840களிலும் கோப்பி பெருகியபோது, கண்டிக் குடியானவர் தோட்டக் கூலிகளாக மாற விரும்பவில்லை. ஒருவன் இறக்கி வைத்த மண்வெட்டியை மற்றொருவன் கையில் கொடுக்கவேண்டியதாயிற்று. அந்த மற்றொருவன் தென்னிந்தியாவிலிருந்து வந்தான்.

வந்தவன் நடந்தே வந்தான். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை கங்காணியின் பின்னால் நாட்கணக்கில் நடந்த அப்பாதை, வாவிக்கரை போன்று இளைப்பாறும் பாதையன்று. நீரின்மையும் காய்ச்சலும் வாந்திபேதியும் அப்பாதையில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் அவர்கள் வணங்கினர். அங்கிருந்து கண்டி மலைகளிற் பரவினர். தமிழகத்தில் அவர்தம் உறவினர் இம்மலைநாடு முழுவதையும் ‘கண்டிச்சீமை’ என்றே அழைத்தனர். கண்டி என்ற பெயரைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் நாவில் நிலைநிறுத்தியவர் நாயக்க மன்னர் அல்லர், இம்மக்களே. இவர்களின் வழிவந்தோரே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்டனர். மன்னனை எம்மவன் என்று உரிமை கோரும் நாம், இம்மக்களை எம்மவர் என்று எத்தனை முறை உரத்துக் கூறினோம்? வட கிழக்கிலிருந்து இங்கு கற்க வந்த மாணவருள் நானும் ஒருவன். இவ்வினாவுக்குரிய வெட்கத்தில் எனக்கும் பங்குண்டு.

“நடை என்பது இளைப்பாறுதற்கு, அதிலும் வரலாற்றைச் சுமத்துவதா?” எனச் சிலர் வினவலாம். இளைப்பாறுதலை நாம் மறுக்கவில்லை. ஆயின் வரலாறு ஏற்கனவே அப்பாதையிற் சுமத்தப்பட்டிருக்கிறது. மன்னரின் பெயராலும் சீமாட்டியரின் பெயராலும் பேசும் பாதை நடுநிலையான பாதையன்று. “இவ்வாறான பேச்சு இனங்களிடையே பழைய புண்ணைக் கிளறாதோ?” என்போரும் உளர். 1998 தையில் தலதா மாளிகையின் வாயிலில் வெடித்த குண்டு இவ்வாவிக்கரையிலேயே உயிர்களைக் குடித்தது. அதன்பின் மாளிகைமுன் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்தப் புண்ணை நாம் அறிவோம். அதைச் செய்தது தமிழரின் பெயரால் என்பதையும் மறைக்கவில்லை. மன்னன் யாருடையவன் என்ற வழக்கே இரு இனத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது. மண்வெட்டி பிடித்தவன் யார் என்ற வினாவோ கண்டிக் குடியானவனையும் தோட்டத் தொழிலாளியையும் ஒரே கரையில் நிறுத்துகிறது. புண்ணை ஆற்றவல்லது எதுவென்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

இனிச் செய்யத்தக்கது யாது? 1988இல் உலக மரபுரிமை நகராக ஏற்கப்பட்ட கண்டிக்குப் பெயர்ப்பலகைகளால் பஞ்சமேற்படப் போவதில்லை. வாவியைக் கட்டியோர் இராசகாரியக் குடியானவர் என்ற ஒரு வரி, மும்மொழியிலும் பிழையின்றி, அக்கரையில் இடம்பெறட்டும். மன்னார் மாத்தளைப் பாதை, உரிய தரிப்பிடங்களுடன், நடப்பதற்குரிய வரலாற்றுப் பாதையாக அறிவிக்கப்படட்டும். இது கனவன்று. மலையக மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைந்தமையை ஒட்டி, 2023 ஆடி 28ஆந் திகதி தலைமன்னாரிற் புறப்பட்டவர்கள் ஆவணி 12இல் மாத்தளையை நடந்தே அடைந்தனர். பாதை இன்னமும் இருக்கிறது. நடக்கக் கால்களும் இருக்கின்றன.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதுமில்லை. ஆண்டுதோறும் புதிய மாணவரை வாவிக்கு அழைத்துச் செல்லும் எமது சங்கம், அடுத்த ஆண்டு அந்த ஒரு மணி நேர நடைக்குப் பின் அவர்களை மாத்தளைக்கும் அழைத்துச் செல்லட்டும். தோட்டங்களில் எஞ்சியுள்ள முதியோரின் நினைவுகளைத் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் சேர்ந்து பதிவு செய்யட்டும். வாவிக்கரையில் நின்று “இது எங்களுடையது” என்ற வசனத்தை இனி நான் ஒப்புவிக்கப்போவதில்லை. “மம்பட்டி புடிச்சது யாரு?” என்ற வினாவையே ஒப்புவிப்பேன். அந்தத் தம்பிக்கு நான் கொடுக்கத் தவறிய விடையை, அவனுக்குப் பின்வரும் மாணவருக்காவது கொடுத்தல் எமது கடனாகும்.