பாவம் கழுவப் படித்துறை! பயணம் போக...?

காவிரியைத் தாய் என்று போற்றுகின்றனர். ஆடிப் பதினெட்டில் பூவும் மஞ்சளும் தூவி வணங்குகின்றனர். முழுக்குப் போட ஊர்தோறும் படித்துறைகள் - கருங்கல்லால், காலத்தால் அழியாவண்ணம்! பாவத்தைக் கழுவ இத்துணை ஏற்பாடு. ஆற்றைக் கடந்து பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்வோருக்கு என்ன ஏற்பாடு? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கித் தஞ்சைத் தரணிக்கு வாழ்வளித்தது. அப்பெருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால், அந்த நீர் பரவியபோது சிற்றூர்கள் பல மூழ்கின. எஞ்சிய ஊர்களை ஏரி பிரித்தது. சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கும் தருமபுரி மாவட்டத்து நாகமரைக்கும் இடையே, கோட்டையூருக்கும் ஒட்டனூருக்கும் இடையே, சுற்றிச் செல்லும் நெடுவழியை விட்டால் பரிசலும் படகுமே பாதை. தீவு என்ற பெயர்தான் இல்லை; படகு நின்றால் வாழ்வு தீவு வாழ்வே!

2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியளவில் கிடந்த நீர்மட்டம், அம்மாதம் 30-ஆம் நாள் 120 அடியைத் தொட்டது. ஒரே திங்களில் 80 அடி! நீர் வற்றினால் கரை விலகி ஓடுகிறது. முதியவரும் கருவுற்ற பெண்ணும் சேற்றில் இறங்க வேண்டும். நீர் ஏறினால், நேற்றைய இறங்குதுறை இன்று ஆழத்தில்!

இதற்கு வழி, ஆரூடத்திடம் இல்லை, அறிவியலிடம் உண்டு. கரைச் சரிவை ஒட்டித் தாழ்ந்த நீர்மட்டம் வரை நீளும் கான்கிரீட் சாய்தளம். நீரோடு ஏறி, நீரோடு இறங்கும் மிதவை மேடை. நிழற்கூரை, விளக்கு, ஆளுக்கோர் உயிர்காப்பு அங்கி. மந்திரமல்ல, மாயமல்ல - மனம் வைத்தால் முடியும் வேலை.

பணம் எங்கே என்பர். 1890-லேயே சென்னை மாகாணத்தில் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் பற்றிய சட்டம் பிறந்தது. துறையை ஏலம் விடவும் கட்டணம் பெறவும் வழி தெரிந்தது. கட்டணம் வாங்கும்போது அது பொதுத்துறை. கட்டிக் கொடு என்றால் மட்டும் யாருடைய துறை? துறை தந்த பணம் துறைக்கே திரும்பட்டும். போதாததை அரசு ஈடுசெய்யட்டும்.

பாலம் வரும் என்பர். வரட்டும், வரவேற்போம்! வரும் நாள்வரை சேறுதான் சாலையா?

படகு கவிழ்ந்தால், 'ஆறு பலி கேட்டது' என்று கூறிக் கைகழுவும் கூட்டமும் உண்டு. 2011 டிசம்பர் 25-இல் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். ஏரிக்குப் பசியா எடுத்தது? விதியன்று தோழர்களே, விழிப்பின்மை!

கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஊராட்சி ஒன்றியத்தின் கதவைத் தட்டுங்கள். ஏலத்தொகை எவ்வளவு, துறைக்குச் செலவழித்தது எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள். வரம் வேண்டி நிற்கும் பக்தரல்லர் நாம். வழி கேட்டு நிற்கும் குடிமக்கள்!