பிரேக் ஒயர்ல சஸ்பென்ஸ் அக்கவுண்ட் வைக்காதீங்க

இந்த வாரம் எஸ்ஐபி இல்ல, டாக்ஸ் இல்ல. என் பைக்கோட பிரேக் ஒயர் கதை. கடைசியில பணத்துக்குத்தான் வருவோம்.

அடி அண்ணாமலையில எங்க சொந்தக்காரங்க வீடு இருக்கு. அங்க போனப்பதான் முதல்ல கவனிச்சேன்: ஹேண்டிலை இடது பக்கம் முழுசா திருப்பினா ஏபிஎஸ் விளக்கு எரியுது. வண்டியை ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா போயிடுது. "அப்பப்பதானே வருது"ன்னு மூணு வாரம் விட்டுட்டேன்.

அந்த விளக்கு எரியும்போது சாதாரண பிரேக் பிடிக்கும். சக்கரம் லாக் ஆகாம தடுக்கிற வேலை மட்டும் நின்னுடும். மழையிலயும் மணல்லயும் அதுதான் நம்மள காப்பாத்தும். அடுத்த தடவை போனப்போ, கிரிவலப் பாதையில சாயங்காலம் வெறுங்காலோட நடந்துட்டிருந்த ஒரு அம்மா திடீர்னு குறுக்கே வந்தாங்க. பிரேக் அடிச்சேன். ஓரத்து மணல்ல முன்சக்கரம் சறுக்கிடுச்சு. ஒரு முழம் இடைவெளியில வண்டி நின்னுது. அவங்க எதுவும் திட்டல. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டர். வண்டியை ஒரு சுத்து பார்த்துட்டு, "ஏபிஎஸ் யூனிட் மாத்தணும் சார், 18,000 ஆகும்"னாங்க. "என்ன டெஸ்ட் பண்ணீங்க?"ன்னு கேட்டேன். பதில் இல்ல.

அப்புறம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட போனேன். அவர் முதல்ல பேட்டரி வோல்டேஜ் பார்த்தார். ஸ்கேனர் போட்டார்: முன்சக்கர வேக சென்சார் சிக்னல் விட்டு விட்டு வருதுன்னு கோடு. உடனே சென்சாரை மாத்தல. மீட்டரை மாட்டிட்டு ஹேண்டிலை மெதுவா திருப்பி, ஒயரை இஞ்ச் இஞ்சா அசைச்சார். ஹேண்டிலுக்குக் கீழ, டேக் இறுக்கிக் கட்டின இடத்துல ரீடிங் துள்ளுச்சு. உள்ள ஒயர் இழைகள் பாதி அறுந்திருந்துச்சு. நேரா நிறுத்தி "பீப்" சத்தம் மட்டும் கேட்டா இது மாட்டாது. ஒரே ஒரு இழை தொட்டாலும் மீட்டர் பீப் அடிக்கும். சால்டர் வச்சு, ஸ்லீவ் போட்டு, கொஞ்சம் தளர்வா கட்டிவிட்டார். மொத்தம் 700 ரூபாய்.

ஆடிட்ல டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளிட்டா கணக்கு முடிஞ்ச மாதிரி தெரியும். தப்பு அப்படியே உள்ள இருக்கும். வந்து வந்து போற பிரேக் கோளாறை தள்ளிப் போடுறதும், டெஸ்ட் இல்லாம பார்ட் மாத்துறதும் அதேதான். நாம என்ன பண்றோம்? கோளாறு கண்டுபிடிக்க 500 ரூபாய் கேட்டா பேரம் பேசறோம். 18,000 பார்ட்டுக்கு இஎம்ஐ போடறோம். என் கருத்து இதுதான்: முதல்ல காசு கொடுக்க வேண்டியது மூளைக்கு, அப்புறம்தான் பார்ட்டுக்கு.

நீங்க செய்ய வேண்டியது:

1. விளக்கு எப்ப எரியுது (திருப்பும்போதா, மழையிலயா, குழியிலயா) எழுதி வைங்க, வீடியோ எடுங்க. மெக்கானிக்குக்கு பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.
2. எஸ்டிமேட்டோட ஃபால்ட் கோடையும் எழுதிக் கேளுங்க. பார்ட் மாத்தினா பழசைத் திருப்பி வாங்குங்க.
3. வாரன்டி இருந்தா வெளியில ஒயரை வெட்ட விடாதீங்க.
4. "இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. வழக்கமான மோட்டார் பாலிசியில தேய்மானம், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் கவர் ஆகாது. இதுக்குத்தான் எமர்ஜென்சி ஃபண்ட்.

டெஸ்ட்ல யூனிட்தான் போச்சுன்னு உறுதியானா, யோசிக்காம 18,000 கொடுங்க. 125 சிசிக்கு மேல இருக்கிற பைக்குகளுக்கு 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம். வண்டி விலையில அதுக்கு ஏற்கெனவே காசு கொடுத்துட்டீங்க. அதை அணைஞ்ச நிலையில ஓட்டறது உங்க பணத்துக்கும் நஷ்டம், ரோட்டுல நடக்கிறவங்க உயிருக்கும் ஆபத்து.

இன்னைக்கு வீட்டுக்குப் போகும்போது அந்த விளக்கை ஒரு தடவை பாருங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.