‘முடியாது’ என்று சொல்லும் கணினி

எங்கள் நிலையத்தில் தீபாவளி வேலை அட்டவணை வந்ததும் எழும் முதல் கேள்வி, “எனக்கு மட்டும் ஏன் காலை ஷிப்ட்?” என்பதுதான். அட்டவணை போட்டவர் அன்று முழுக்க வில்லன்.

இந்த வேலையைக் கணினியிடம் விடலாம். எப்படித் தேடுவது என்று சொல்லித்தர வேண்டாம். என்ன வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும். ‘நான் காலையில் நிலையத்தில் இருப்பேன்.’ இது உண்மை, இல்லையேல் பொய். இத்தகைய வாக்கியங்களை ‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ கொண்டு இணைத்தால் விதிகள் தயார்: முதல்நாள் நள்ளிரவு வரை பேசியவருக்கு மறுநாள் காலை வேலை இல்லை. சுடோக்குகூட இப்படித்தான். 81 கட்டம், ஒவ்வொன்றிலும் 9 வாய்ப்பு, ஆக 729 வாக்கியங்கள். சாட் சால்வர் எனும் மென்பொருள் நொடியில் முடித்துவிடும்.

எனக்கோ அது கைவிரிக்கும் இடம்தான் பிடிக்கும். நாம் ‘முடியாது’ என்றால் சாக்குப்போக்கு என்பார்கள். சால்வர் அதற்கு நிரூபணமே தரும். 1இல் தொடங்கி வரிசையாக எண்களுக்கு இரண்டே நிறம் பூச வேண்டும். 3, 4, 5 போன்ற பித்தாகரஸ் மூன்றெண்கள் எதுவும் ஒரே நிறத்தில் வரக்கூடாது. 7824 வரை முடியும், 7825 வந்தால் முடியாது என்று 2016இல் மூன்று ஆய்வாளர்கள் சால்வரைக் கொண்டு காட்டினார்கள். நிரூபணத்தின் அளவு சுமார் 200 டெராபைட். யார் உட்கார்ந்து படிப்பது! அதையும் இன்னொரு மென்பொருள்தான் சரிபார்த்தது.

எந்த விதிகள் மோதுகின்றன என்றும் சில சால்வர்கள் பிரித்துக் காட்டும். ‘இருப்பதே நால்வர், மூவருக்கு லீவு, காலையில் இருவர் தேவை’ என்று வந்து நின்றால், அட்டவணை போட்டவரை ஏசி என்ன பயன்? ஆள் சேர்ப்பதா, காலை நிகழ்ச்சியை ஒருவரே நடத்துவதா, லீவை யார் விட்டுக்கொடுப்பது என்று மேலதிகாரியிடம்தான் பேச வேண்டும்.