கடாரத்தைக் கண்டபின் கடல் கடக்கலாம்

புதுமணத் தம்பதியர் முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு, குறைந்த செலவில் அயல்நாடுகளுக்குச் சென்று பழங்கோயில்களைக் கண்டு வருவது இக்காலத்தில் பரவிவரும் வழக்கமாகும். பாடாங் செராய், கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரத்து இளையோரும் இதற்கு விலக்கல்லர். பெரியவர்களுள் சிலர் இதனை ஊதாரித்தனம் என்று கடிந்துகொள்வதுண்டு. அக்கருத்து ஏற்புடையதன்று.

கணவனும் மனைவியும் இணைந்து தலந்தோறும் செல்வது சைவ மரபுக்குப் புதியதும் அன்று. திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் துணைவியார் மதங்கசூளாமணியாருடன் திருஞானசம்பந்தரைப் பின்தொடர்ந்து தலங்கள் பலவற்றைத் தரிசித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. யாழைச் சுமந்து சென்ற அவ்விருவர்க்கும் பையைச் சுமந்து செல்லும் இவ்விருவர்க்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தில் மட்டுமே இருக்க முடியும்.

அந்நோக்கமே இங்கு எண்ணத்தக்கது. கம்போடியாவின் அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மனால் திருமாலுக்கென எழுப்பப்பட்டது. சாவகத் தீவின் பிரம்பானானில் 9ஆம் நூற்றாண்டுச் சிவாலயம் 47 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இவ்விடங்களில் ஊர்க் கோயிலைப் போல ஆறுகாலப் பூசை இல்லை என்பதனால் அவை வெறும் காட்சிப்பொருள்கள் ஆகிவிடா. தோளும் முழங்காலும் மறையும் உடை அணிவதும், சிற்பங்களின்மீது ஏறி நின்று புகைப்படம் எடுக்காதிருப்பதும் அடிப்படை ஒழுக்கமாகும். பக்தி மேலீட்டால் கற்பூரம் ஏற்றுவதும், சிலைகளில் குங்குமம் பூசுவதும் பழங்கல்லைப் பாழாக்கும். அங்கே கைகூப்புதலே போதிய வழிபாடு.

ஆயினும், அங்கோரைக் கண்டு வந்தவர்களுள் எத்தனை பேர் மெர்போக்கைக் கண்டவர்கள்? பாடாங் செராயிலிருந்து ஒரே காலைப்பொழுதில் சென்று திரும்பத்தக்க தொலைவில், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. பட்டினப்பாலை கூறும் காழகத்தையும், முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த கடாரத்தையும் இந்தக் கெடா மண்ணோடு ஆய்வாளர் பலர் இணைத்துக் கூறுவர். அங்குள்ள புக்கிட் பத்து பஹாட் ஆலயத்தின் கருங்கல் அடித்தளமும் மண்டபத் தூண்தாங்கிகளும் 1959-60இல் அலஸ்டேர் லாம்ப் என்பாரால் அகழ்ந்து சீரமைக்கப்பட்டன. பொன்னும் மணியும் வைத்துப் புதைக்கப்பட்ட கற்பேழைகள் அங்கே கிடைத்தன. கோயில் திருப்பணியில் கர்ப்பநியாசம் கண்டவர்கட்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அருகிலேயே தொல்பொருட் காட்சியகமும் உண்டு.

இவை யாவும் இராசேந்திரன் கட்டியவை என்று மார்தட்டுவது முறையாகாது. சோழப் படைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இங்கு வழிபாட்டிடங்கள் இருந்தன. சிவநெறியும் பௌத்தமும் அருகருகே வாழ்ந்தன. வணிகரும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வளர்த்த மண் இது. உள்ளதை உள்ளவாறு அறிவதே முன்னோர்க்குச் செய்யும் மரியாதை.

இப்பள்ளத்தாக்கை 1930-களின் பிற்பகுதியில் முறையாக ஆராய்ந்தவர்களும் ஒரு தம்பதியரே. குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர்தம் மனைவி டோரத்தியும் காடும் தோட்டமும் கடந்து சுமார் 30 இடங்களை எண்ணிட்டுப் பதிந்தனர். அவர்கள் கண்டவை 1940இல் வெளியிடப்பட்டன. இன்றும் அவ்விடங்கள் பல அந்த எண்களாலேயே அறியப்படுகின்றன.

அவற்றுள் ஒன்றான 11ஆம் எண் ஆலயம் 2013ஆம் ஆண்டில் இயந்திரங்களால் இடித்து அகற்றப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று கருதப்பட்ட அவ்வாலயம், வீடமைப்புக்கு உரிய தனியார் நிலத்தில் இருந்தது. பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவும் இல்லை. நாடெங்கும் கண்டனக் குரல் எழுந்தது இடிந்த பின்னரே. இடிவதற்கு முன் அங்கே சென்று வணங்கி வந்தோர் மிகச் சிலரே. ஆள்நடமாட்டம் அற்ற இடத்திற்குக் காவல் ஏது?

இதில் தோட்டக் கோயில்களுக்கும் ஒரு பாடம் உண்டு. இரப்பர் காடு செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாகும்போது, ‘இக்கோயில் எந்த ஆண்டில் தோன்றியது, நிலத்திற்குக் கடிதம் உண்டா?’ என்ற கேள்வி எழுகிறது. பாட்டனார் காலத்துக் கோயில் என்ற வாய்மொழி அப்போது செல்லுபடியாவதில்லை. வேல் நட்ட ஆண்டு, குடமுழுக்கு நாள்கள், தோட்ட நிர்வாகம் தந்த கடிதம், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றை ஒவ்வோர் ஆலயக் குழுவும் ஏட்டில் ஏற்றிப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. முதியவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.

திருவிழாவுக்கு வாணவேடிக்கையும் அலங்காரமும் தேவையே. அச்செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒருமுறை இளையோரையும் புதுமணத் தம்பதியரையும் ஒரு பேருந்தில் மெர்போக்கிற்கு அழைத்துச் செல்வது ஆலயக் குழுக்களால் ஆகாத காரியமன்று. கடாரத்தைக் கண்டு, அதன் வரலாற்றைக் கேட்டுத் தெரிந்தவர்கள் பிறகு அங்கோருக்கும் பிரம்பானானுக்கும் செல்லட்டும். அங்கே அவர்கள் கற்குவியலைக் காண மாட்டார்கள். தங்கள் ஊர்க் கோயிலின் உறவைக் காண்பார்கள். ஊர் திரும்பியதும் அக்கோயிலின் ஏட்டைத் தேடி எடுப்பார்கள். ஆலயப் பொறுப்பாளர்களும் பெற்றோர்களும் இதனைச் சிந்திப்பார்களாக.