படித்ததும் நினைத்ததும்: பன்னிரண்டில் ஒன்பது

சென்ற பொங்கல் விழாவன்று, ஓராண்டுக்குள் பன்னிரண்டு தமிழ் நூல்களைப் படித்து முடிப்பதாகச் சங்கத்தில் பெயர் கொடுத்த அன்பர்களுள் நாமும் ஒருவர். ஆண்டு முடிந்தது, படித்து முடித்தவை ஒன்பதுதாம். நாகபுரியில் பார்சல் அலுவலகத்து இரவுப் பணியையும், டிசம்பர் மாதத்தில் வந்து குவியும் ஆரஞ்சுக் கூடைகளையும் காரணமாகக் காட்டலாம். ஆயின் பெயர் கொடுத்த அன்றும் அவை நமக்குத் தெரிந்தவையே. உள்ளபடி சொன்னால், இரண்டு நூல்கள் நம்மை விடவில்லை.

முதலாவது, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, ஆசிரியர் மறைவால் முற்றுப்பெறாது நின்றது. தொடக்கத்தில் வரும் ஊர்ப் பெருமைகளையும் முன்னோர் வரலாற்றையும் நாம் சற்று வேகமாகவே கடந்தோம் என்பதை மறைப்பானேன்? ஆனால் 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்தில் நின்றுவிட்டோம். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் புராணங்களையும் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் படித்ததில்லை. அந்த நாணத்திலிருந்து ஏழாண்டு உழைப்பு. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது.

நம் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் கிடைத்த வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமாயிருந்தது. படிப்பும் அத்துடன் நின்றது. "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று எவரேனும் கேட்டால் பேச்சை மாற்றுவது நம் வழக்கம். பெரும்புலவர் ஒருவர் தாம் படியாததை அச்சிலேயே ஒப்புக்கொண்டிருப்பதைக் கண்டபின், அவ்வழக்கம் சிறிது குறைந்திருக்கிறது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' போர்க்காலத்து மேடானையும் பினாங்கையும் கண்முன் நிறுத்துகிறது; மலாய்ச் சொற்களோடு பழகும் வரையில் பொறுமை வேண்டும். ஏனைய ஆறு நூல்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவற்றுள் ஒன்று சமையற் குறிப்பு நூல். அது கணக்கில் சேருமா என்பதைச் செயலாளர் அவர்களே தீர்ப்பளிக்கட்டும்.

இரண்டாவது நூல், 1977இல் வந்த அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. செகந்தராபாத்தில், லான்சர் பாரக்ஸ் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பம். தந்தைக்கு ரயில்வேயில் உத்தியோகம். மகன் சந்திரசேகரனுக்குக் கிரிக்கெட்டில் பைத்தியம். நிஜாம் சமஸ்தானம் இந்தியாவுடன் சேருமா சேராதா என்று ஊரே கொதித்த காலம் அது. ஆசிரியர் 1931இல் அங்கேயே பிறந்தவர். தந்தை இறந்தபின் 1952இல் சென்னை வந்தவர். ரயில்வே குடியிருப்பில் இருந்துகொண்டு இந்நாவலைப் படிக்கையில், இது அடுத்த வீட்டுக் கதையோ என்று தோன்றிற்று.

பதினொரு வயதாகும் நம் மகள் தமிழ் பேசுவாள், எழுத்தறியாள். பள்ளியில் இந்தியும் மராத்தியுமே. ஆகவே இரவுப் பணியில்லாத நாட்களில் இந்நூலை உரக்கப் படித்தோம். கிரிக்கெட் வரும் பக்கங்களை இருமுறை படிக்கச் சொன்னாள். கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது நமக்கு நா எழவில்லை. 1948 செப்டம்பருக்குப் பிந்திய கலவரத்தில், அஞ்சி ஒடுங்கிய ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் சந்திரசேகரன் நுழைந்துவிடுகிறான். தன் வீட்டாரைக் காக்க அங்கிருந்த சிறுமி செய்யத் துணிவதைக் கண்டு, அவமானம் தாங்காமல் ஓடுகிறான். அச்சிறுமியை விட்டுவிட்டு, ஓட்டத்தை மட்டும் படித்து நூலை மூடினோம்.

"எதுக்குப்பா ஓடறான்?" என்றாள்.

"பயம்" என்றோம்.

"யாரும் துரத்தலையே."

நூலை வாங்கி அப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஓரெழுத்தும் தெரியவில்லை. அப்பா எதையோ விட்டுவிட்டார் என்பது மட்டும் தெரிந்திருந்தது. மறுநாள் காலை தன் தாயிடம் சென்று, எழுத்துச் சொல்லித்தரக் கேட்டாள். நாம் மூன்றாண்டுகளாகக் கெஞ்சியும் நடவாத காரியம்!

இந்தியில் நான்கு ககரம் இருக்கத் தமிழில் ஒன்றுதானா என்பது அவளுடைய முதல் வழக்கு. இரண்டு மாதத்தில் உயிர்மெய்களைக் கடந்துவிட்டாள். சுவரிலுள்ள தினசரி நாட்காட்டியைக் கூட்டிக்கூட்டிப் படிக்கிறாள். அந்தப் பக்கத்தை எட்ட இன்னும் நாலைந்து மாதமாகலாம். அதற்குமுன் நாமே சொல்லிவிடுவதா, அவளே படித்துவிட்டு வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பதா என்று நாமும் இல்லத்தரசியாரும் இரவுதோறும் பேசுகிறோம், முடிவு கண்டபாடில்லை. நிற்க. நூலைத் திருப்பித் தருமாறு நூல்நிலையப் பொறுப்பாளர் இருமுறை நினைவூட்டிவிட்டார். நூல் அவள் தலையணைக்கடியில் இருக்கிறது. தாமதக் கட்டணத்தைச் செலுத்திவிடுகிறோம். இன்னும் சில மாதம் பொறுத்தருள வேண்டும்.